கொழும்பு – திருகோணமலை இரவு மெயில் ரயிலில் வயதான அம்மாவைக் கூட்டி வரலாமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அம்மாவுக்கு 71 வயது, பிறந்து வளர்ந்தது திருகோணமலை, ஊரை விட்டுப் போய் நாற்பது வருடம். இப்போது கோணேசரைக் கும்பிட வேண்டும் என்கிறார், அதுவும் இரவு மெயிலில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு முழங்காலிலும் வலி. பஸ் ஆறு, ஏழு மணித்தியாலத்தில் போய்விடுகிறது, ரயில் ஏன் எட்டு மணித்தியாலம் எடுக்கிறது, இருக்கிற பெட்டிகளில் எதில் போவது, யானை மோதி ரயில் கவிழும் என்று அண்ணா சொல்கிறாரே அது உண்மையா என்று மூன்று கேள்வி. தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று என்றாலும் எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் கேட்கிறது: அம்மா திருகோணமலை மேடையில் இறங்கும்போது கோயில் வரைக்கும் போகத் தெம்போடு இறங்குவாரா, இல்லையென்றால் இரண்டு நாள் கட்டிலில் கிடக்க வேண்டி வருமா? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். மற்ற இரண்டும் அதற்குள் வந்துவிடும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ரயில் நிலையங்களில் வேலை செய்தவன், பெரும்பகுதி மாகோச் சந்திக்குக் கிழக்கே. ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறேன். பாதையும் அதில் வண்டி ஓடும் விதமும் எனக்கு உள்ளங்கை போல. முழங்கால் விசயம் எனக்குப் படிப்பில்லாதது, அதை அம்மாவைப் பார்க்கிற டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நேர அட்டவணையும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த நேரம் நான் வேலையில் இருந்த காலத்து நேரம், அதற்குப் பிறகு பல தடவை மாற்றிவிட்டார்கள், அதனால் மணி, நிமிடக் கணக்கில் எதையும் நான் சொல்லப்போவதில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். முதலாம் வகுப்புப் படுக்கை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ரயிலில் கூட்டி வாருங்கள். படுக்கை இல்லை, இரண்டாம் வகுப்பில் பதிவு செய்த இருக்கை கிடைக்கிறது என்றால், அம்மாவால் சாய்ந்த நிலையில் ஒரு இரவைக் கழிக்க முடியுமா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், முடியும் என்றால் அப்போதும் பஸ்ஸை விட ரயில்தான் நல்லது. பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பு என்றால் வேண்டாம். அந்த நிலையில் பகலில் ஒரு வானைப் பிடித்து, குருநாகலிலும் தம்புள்ளையிலும் நிறுத்தி நிறுத்தி வருவதே மேல். அம்மா கோபிப்பார், பரவாயில்லை.

இனி ஏன் எட்டு மணித்தியாலம் என்ற விசயத்துக்கு வருகிறேன். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து திருகோணமலை வரைக்கும் ரயில் பாதை ஏறக்குறைய 300 கிலோமீற்றர். எட்டு மணித்தியாலம் என்றால் சராசரி மணிக்கு 40 கிலோமீற்றருக்கும் குறைவு. இதைப் பார்த்துவிட்டு என்ஜின் பழசு, அதுதான் ஓட மாட்டேன் என்கிறது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். என்ஜின் ஓடும். ஓடுவதற்கு வழி விடுவதில்தான் நேரம் போகிறது. பொல்காவலை வரைக்கும் போவதற்கு ஒரு தண்டவாளம், வருவதற்கு ஒரு தண்டவாளம், அதனால் வண்டி நன்றாகவே ஓடும். பொல்காவலையில் மலைநாட்டுப் பாதை பிரிந்து கண்டி, பதுளைப் பக்கம் போய்விடும். நமது வண்டி குருநாகல் பக்கம் திரும்பிய உடனே ஒற்றைத் தண்டவாளம். போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே தண்டவாளத்தில்தான். மாகோவில் வடக்குப் பாதை யாழ்ப்பாணம் நோக்கிப் போகிறது, நாம் கிழக்கே மொரகொல்லாகம, அவுக்கன, கலாவெவ, கெக்கிராவ, பலுகஸ்வெவ, ஹபரணை என்று காட்டுக்குள் இறங்குகிறோம். கல்லோயாச் சந்தியில் மறுபடி பிரிவு, ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு, மற்றது கந்தளாய் வழியாக நமது ஊருக்கு. (கல்லோயா என்றதும் அம்பாறைப் பக்கம் இருக்கிற கல்லோயாத் திட்டத்தை நினைக்க வேண்டாம். பெயர் ஒன்று, இடம் வேறு. இந்தக் குழப்பத்தால் வான்காரருக்கு இடம் மாற்றிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரே இரவில் கொழும்பில் இருந்து திருகோணமலைக்கு ஒரு வண்டி, திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஒரு வண்டி, மட்டக்களப்புக்கும் அதே மாதிரிப் போக ஒன்று, வர ஒன்று. நான்கு வண்டிகளும் மாகோவுக்கும் கல்லோயாவுக்கும் இடையில் உள்ள அந்த ஒற்றைத் தண்டவாளத்தில்தான் அந்த இரவுக்குள் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். இதற்கிடையில் கொலன்னாவையில் இருந்து எண்ணெய் ஏற்றி வருகிற வண்டி, சீனக்குடாவில் இருந்து கோதுமை மா ஏற்றிப் போகிற வண்டி. தாண்டுவது எங்கே? இரட்டைத் தண்டவாளம் உள்ள நிலையத்தில் மட்டும்தான். ஒரு வண்டி முதலில் வந்து பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும், எதிரே வருவது வந்து கடந்து போகும், பிறகுதான் இது புறப்படும். எதிரே வருவது இருபது நிமிடம் தாமதம் என்றால் நிற்கிற வண்டிக்கும் இருபது நிமிடம் போய்விடும், அதற்காகக் காத்து நிற்கிற அடுத்த வண்டிக்கும் போகும். நடுச்சாமத்தில் ஏதோ பெயர் தெரியாத நிலையத்தில் வண்டி நிற்கிறது, லைற் மங்கலாக எரிகிறது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எதிர் வண்டிக்காகத்தான் நிற்கிறது.

நான் வேலை செய்த நிலையங்களில் இந்த ஒழுங்கைக் காப்பாற்றியது டப்லட் முறை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணாவின் பயத்துக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் இரு முனையிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி மாதிரிக் கருவி இருக்கும். இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. அதற்குள் தட்டையான வட்ட உலோகத் தகடுகள், அதைத்தான் டப்லட் என்போம். அடுத்த நிலையத்தில் இருக்கிறவர் மணி அடித்துச் சம்மதம் தந்தால்தான் எனது கருவியில் இருந்து ஒரு தகடு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை அந்த முனையிலோ இந்த முனையிலோ திரும்பப் போடும் வரைக்கும் இரண்டு கருவியிலும் இன்னொன்று வரவே வராது, நாம் என்ன பாடுபட்டாலும் வராது. அந்தத் தகட்டைத் தோல் பையில் வைத்து, பெரிய வளையத்தில் கட்டி சாரதியிடம் கொடுப்போம். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அந்தத் துண்டுக்குள் போகமாட்டார். நிற்காமல் போகிற வண்டி என்றால் நாம் மேடை ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சாரதியின் உதவியாளர் ஓட்டத்திலேயே கையைக் கொடுத்துப் பறித்துக்கொண்டு பழையதை மேடையில் வீசுவார். மழை இரவில் ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் வளையம். அந்தக் காற்று முகத்தில் அடிப்பது எனக்கு இப்போதும் நினைவில் நிற்கிறது. பழைய முறைதான், நேரம் தின்கிற முறைதான். ஆனால் இரண்டு வண்டி நேருக்கு நேர் மோதாமல் இருக்க இவ்வளவு நேர்மையான கருவியை நான் வேறு பார்க்கவில்லை. உங்கள் எட்டு மணித்தியாலத்தில் நல்ல ஒரு பங்கு இப்படிப் பாதுகாப்புக்காகச் செலவாகிற நேரம்.

சரி, யானை. இதில் அண்ணா சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர் பயப்படுகிற விதம் சரியில்லை. ஹபரணையில் இருந்து கல்லோயா தாண்டி அக்போபுர, கந்தளாய்ப் பக்கம் வரும் வரைக்கும் பாதை யானைக் காட்டுக்குள்ளால்தான் போகிறது. ஒரு பக்கம் மின்னேரியாவும் கவுடுல்லவும், மறுபக்கம் ஹுருலு காடு. வறட்சியான மாதங்களில் குளத்துப் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கில் வந்து கூடுகிற யானைகள் இந்தத் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டித்தான் வருகின்றன. நாம் காட்டுக்கு நடுவில் ஒரு வெட்டவெளியான நேர்வழியை அமைத்து வைத்திருக்கிறோம், அவை அதில் நடக்கின்றன. சில இடத்தில் இரண்டு பக்கமும் மண்மேடு வெட்டி நடுவில் பாதை போகும், வேறு சில இடத்தில் பாதை உயர்ந்த அணைமேல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் குட்டியோடு மாட்டிக்கொண்ட யானைக்கு விலகி இறங்க வழி கிடையாது. குட்டியை விட்டுத் தாய் ஓடவும் மாட்டாது.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போன மீனகயா கடுகதி ஹபரணை – கல்லோயாப் பகுதியில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதியது. 6 யானைகள் செத்தன. வண்டி தடம் புரண்டது, பயணிகளுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு நாலு மாதம் முன்பு, 2024 ஒக்டோபரில், மின்னேரியாப் பக்கம் எண்ணெய் வண்டி ஒன்று யானைகளில் மோதித் தாங்கிகள் புரண்டன. இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது: யானை சாகிறது, சில வேளை வண்டி தடம் விலகுகிறது, பெட்டியில் இருக்கிறவர் உலுக்கி எழும்புவதோடு தப்பிவிடுகிறார். என் வேலைக் காலத்தில் யானையில் வண்டி மோதி இந்தப் பாதையில் பயணி ஒருவர் இறந்ததை நான் பார்க்கவில்லை. ஒருநாளும் நடக்காது என்று கையெழுத்துப் போட்டுத் தர என்னால் முடியாது, அதை ஒருவராலும் தர முடியாது. ஆனால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் றோட்டிலும் இதே யானைதான் நிற்கிறது என்பதை அண்ணாவிடம் சொல்லுங்கள். இரவு பஸ்ஸும் அதே காட்டைத்தான் கடக்கிறது.

சாரதி பிரேக் பிடிக்கமாட்டாரா என்று நிறையப் பேர் கோபத்தோடு கேட்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 16, 17 மீற்றர். கறுத்த இரவில், கறுத்த உடம்பு, வளைவில் திரும்பியதும் விளக்கில் தெரிகிறது. அது யானைதான் என்று மூளைக்கு எட்டிக் கை பிரேக்குக்குப் போகவே இரண்டு செக்கன், அதற்குள் முப்பது மீற்றருக்கு மேல் போயாகிவிட்டது. பிறகு பிரேக் எல்லாப் பெட்டிக்கும் பரவ வேண்டும், அத்தனை பெட்டிகளின் பாரம் பின்னால் இருந்து தள்ளுகிறது, வண்டி முழுதாக நிற்கச் சில நூறு மீற்றர் வேண்டும். அதனால்தான் இந்தத் துண்டில் வேகத்தைக் குறைத்து ஓடச் சொல்கிறார்கள், அதனால்தான் உங்கள் பயண நேரம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அந்த மெதுவான ஓட்டத்தைக் குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்டவாளத்து ஓரத்தில் ஒரு குட்டி யானை எழும்ப முடியாமல் கிடக்க, விடியும் வரைக்கும் தாய் அதை விட்டு நகராமல் நின்றதை நான் ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலத் தாமதம் எனக்குப் பெரிய விசயமாகத் தெரிந்ததே இல்லை. மீனகயா விபத்துக்குப் பிறகு கிழக்குப் பாதை வண்டிகளின் நேரத்தை யானைகளுக்காக மாற்றியமைத்தார்கள். இணையத்தில் கிடக்கிற பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கோட்டை நிலையத்திலோ 1919 அரச தகவல் நிலையத்திலோ கேளுங்கள், பயணத்துக்கு முதல் நாளும் இன்னொரு தடவை கேளுங்கள்.

இனி பெட்டி. முதலாம் வகுப்புப் படுக்கை என்பது இரண்டு பேருக்கு ஒரு சிறிய அறை, கீழே ஒன்று, மேலே ஒன்று. நீங்களும் அம்மாவும் என்றால் ஒரு அறை முழுக்க உங்களுக்கு. கீழ்ப் படுக்கை அம்மாவுக்கு, கதவைப் பூட்டிக்கொண்டு காலை நீட்டிப் படுக்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு இந்தப் பயணத்தில் கிடைக்கிற மிகப் பெரிய விசயமே அந்தக் கால் நீட்டுதல்தான். பஸ்ஸில் எவ்வளவு நல்ல ஏசி பஸ் என்றாலும் முழங்கால் மடங்கியபடியே ஆறு மணித்தியாலம் இருக்கும், இறங்கும்போது காலை ஊன்ற முடியாமல் நிற்கிற வயதானவர்களை நீங்களே பஸ் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். மற்றது மலசலகூடம். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எழுபது வயதில் இது முதல் தரக் கேள்வி. 49ஆம் இலக்க பஸ் வழியில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் நிற்கும், அது நிற்கிற இடத்தில்தான் போக வேண்டும். இதைப் பயந்தே பின்னேரத்தில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாமார் இருக்கிறார்கள். ரயிலில் பெட்டியிலேயே இருக்கிறது. சுத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன், தண்ணீர்ப் போத்தலும் கடதாசியும் கையில் கொண்டு போங்கள், ஓடுகிற வண்டியில் அம்மாவைத் தனியாக அனுப்பாமல் கூடப் போய்க் கதவடியில் நில்லுங்கள். பெட்டி நன்றாக ஆடும், குறிப்பாக மாகோவுக்குப் பிறகு.

படுக்கைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நிலையத்திலும் எடுக்கலாம், ரயில்வே இணையத்தளத்திலும் எடுக்கலாம். திறந்த அன்றே எடுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் போய்விடும். அந்தத் திகதிக்குப் படுக்கைப் பெட்டி இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டு உறுதி செய்யுங்கள், பெட்டி திருத்தத்துக்குப் போனால் இணைக்காமல் விடுகிற நாட்களும் உண்டு. அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தன்றும் இரண்டு பேரின் அட்டையும் கையில் இருக்கட்டும். எந்த நாள் என்று நீங்கள் எழுதவில்லை. சிவராத்திரி, சித்திரை வருடப்பிறப்பு, நீண்ட போயா விடுமுறை இந்த நாட்களைத் தவிர்த்தால் நல்லது, பொசன் காலத்தில் அனுராதபுரம் போகிற கூட்டமும் மாகோ வரைக்கும் இதே பாதையில்தான். ஜூலை, ஓகஸ்ட் என்றால் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கிற காலம், வெளிநாட்டுக்காரர் படுக்கைகளை முந்திப் பிடித்துவிடுவார்கள். ஒக்டோபர் முடிவில் இருந்து ஜனவரி வரைக்கும் நமக்கு மழைக்காலம், கந்தளாய், தம்பலகாமத்து வயல் எல்லாம் வெள்ளமாகி நிற்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டில் எத்தனை ரயில் பாதை உடைந்தது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் பெப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும், சிவராத்திரியைத் தவிர்த்து, ஒரு கிழமை நாளில் வாருங்கள். வெயிலும் தாங்கும், கோயிலிலும் ஆறுதலாகக் கும்பிடலாம்.

கோட்டையில் ஒரு விசயம் கவனம். மட்டக்களப்பு வண்டியும் திருகோணமலை வண்டியும் ஒரே இரவில்தான் புறப்படுகின்றன, அறிவிப்பு அவசரத்தில் சரியாகக் கேட்காது. பலகையைப் பாருங்கள், பெட்டி இலக்கத்தைப் பாருங்கள், ஏறும் முன் அங்கே நிற்கிற ஊழியரிடம் திருகோணமலையா என்று ஒரு தடவை கேளுங்கள். அரை மணித்தியாலமாவது முந்திப் போனால் அம்மா படிக்கட்டில் அவசரப்படாமல் ஏறலாம், பெட்டியின் படி முழங்காலுக்கு உயரம். சாப்பாட்டை வீட்டில் இருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். வடை, கச்சான், பிளேன்டீ என்று விற்பவர்கள் குருநாகல் வரைக்கும் வருவார்கள், நடுச்சாமத்துக்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஒரு சால்வையும் வேண்டும். பகலில் எவ்வளவு வெக்கை அடித்தாலும் கலாவெவப் பக்கம் சாமத்தில் யன்னலால் வருகிற காற்று எலும்புக்குள் போகும்.

இறங்குகிற இடத்திலும் ஒரு எச்சரிக்கை. வண்டி விடிவதற்கு முன் இருட்டில்தான் ஊரை நெருங்கும். கந்தளாயில் வெளிச்சமும் சத்தமும் கேட்டதும் இதுதான் திருகோணமலை என்று நினைத்து இறங்கிவிட்ட ஒரு வயதான தாயை ஒரு தடவை நான் காலை வரைக்கும் எனது அறையில் இருத்தி பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கந்தளாய்க்குப் பிறகு முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா, அதற்குப் பிறகுதான் திருகோணமலை, அதோடு தண்டவாளம் முடிகிறது. கடைசி நிலையம் என்பதால் வண்டி உங்களை விட்டுவிட்டு ஓடாது. எல்லோரும் இறங்கி முடிந்த பிறகு அம்மாவை மெதுவாக இறக்குங்கள், ஒரு கரைச்சலும் இல்லை. தம்பலகாமம் தாண்டியதும் அவரை எழுப்பிவிடுங்கள். ஒன்றும் தெரியாது, இருட்டுத்தான். ஆனால் சீனக்குடா வரும்போது யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வரும், நாற்பது வருடம் கழித்து வருகிறவருக்கு அது போதும்.

அம்மா ஏன் ரயிலில் பிடிவாதமாக நிற்கிறார் என்று நீங்கள் ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 1927இல் இந்தப் பாதை ஊருக்கு வந்ததில் இருந்து கொழும்புக்குப் படிக்கப் போனதும், உத்தியோகத்துக்குப் போனதும், பெண் பார்க்க வந்ததும் எல்லாம் இந்தக் கோச்சியில்தான். போர்க் காலத்தில் வண்டி பல தடவை நின்றது, பிறகு ஓடியது, மறுபடி நின்றது. அந்த வருடங்களில் ஊரை விட்டுப் போனவர்களுக்கு ரயில் என்பது திரும்பி வருகிற வழி. உங்கள் அதிர்ஷ்டம் இருந்தால் கனடா என்ஜின் பூட்டின வண்டியாக இருக்கலாம், 1954இல் கொழும்புத் திட்ட உதவியில் வரத் தொடங்கியவை, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று கனடா மாகாணங்களின் பெயர் போட்டிருக்கும், சில இன்னும் ஓடுகின்றன. அம்மாவின் சின்ன வயதில் இழுத்ததும் அதே என்ஜின்கள்தான். கோட்டையில் ஏறும் முன் முன்பக்கம் நடந்து பார்க்க அவருக்குக் கால் வழிவிடாது, நீங்கள் போய்ப் பெயரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வந்து இறங்கியதும் உடனே ஓட்டோ பிடித்துக் கோயிலுக்கு ஓட வேண்டாம். மேடை வாங்கில் இருந்து, அம்மா பத்து நிமிடம் காலை நீட்டி மடக்கி, இரத்தம் ஓடவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். தங்குமிடத்தில் அறை வழக்கமாக மத்தியானத்துக்குப் பிறகுதான் தருவார்கள், அதனால் முதல் நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அல்லது விடிய வருகிறோம் என்று முன்கூட்டியே கதைத்து ஒழுங்கு செய்யுங்கள். ஒரு நாள் வாடகை கூடப் போனாலும் பரவாயில்லை, குளித்து மூன்று மணித்தியாலம் படுத்து எழும்பினால்தான் அன்று பின்னேரம் அவரால் கோயிலுக்குப் போக முடியும். கோணேசர் கோயில் மலை உச்சியில் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அந்த ஏற்றம் முப்பது வயதில் ஏறிய ஏற்றம் இல்லை. ஓட்டோ எவ்வளவு தூரம் மேலே போக விடுவார்கள் என்று ஏறும்போதே கேட்டு, கிட்டே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். சுவாமிமலைக் கல் வெயிலில் நன்றாகச் சுடும், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், ஆகவே விடியப்புறம் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு.

திரும்பும் பயணத்துக்கு எனது யோசனை வேறு. திருகோணமலையில் இருந்து போகிற இரவு வண்டி கோட்டையை விடிவதற்கு வெகு முன்பே சேர்ந்துவிடும், அந்த நேரத்தில் புறக்கோட்டையில் முழங்கால் வலியோடு வாகனம் தேடுவது நல்லதில்லை. அண்ணாவைக் கார் கொண்டு வந்து நிற்கச் சொல்ல முடியும் என்றால் அதே மெயிலில் போங்கள், இரண்டு பக்கத்துக்கும் படுக்கையை ஒரே நாளில் பதிவு செய்ய முடியாமல் போகலாம் என்பதால் திரும்பும் திகதியைக் கணக்குப் பார்த்து அதற்குரிய நாளில் தனியாக எடுங்கள். அண்ணா வரமாட்டார் என்றால் பகலில் வானில் போங்கள். தம்பலகாமம் வயலையும் கந்தளாய்க் குளத்தையும் வரும்போது இருட்டில் விட்டுவிட்டீர்கள், போகும்போது அம்மா பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். தம்பலகாமத்தில் நிறுத்தி ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்க மறக்காதீர்கள், அவரே கேட்பார்.